ஹார்ட் பேஷண்ட் அப்பாவுக்கு கஞ்சி போதாது: டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வீட்ல சாப்பாடு குடுக்கறது எப்படி

எங்கப்பாவுக்கு 76 வயசு. அட்டாக் வந்து, பம்பிங் (இதயம் ஒரு துடிப்புல ரத்தத்த வெளிய தள்ற அளவு) 30 சதவீதம்தான் இருக்குன்னு சொல்லி, நெஞ்சுல நீர் கோத்து மறுபடி அட்மிட் ஆகி, 12 நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தப்ப டிஸ்சார்ஜ் சம்மரில சாப்பாட்டப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. உப்பு கம்மி, எண்ணெய் கம்மி, தண்ணி ஒன்றரை லிட்டர். எவ்ளோ சாப்பிடணும்னு எங்கயும் இல்ல. நாங்களும் பத்தியம்னு ஆரம்பிச்சிட்டோம், காலைல கஞ்சி, மத்தியானம் ரசஞ்சாதம், ராத்திரி பால்ல நனைச்ச பிரெட்டு, முட்டை வேணாம் கொலஸ்ட்ரால், மீன் வேணாம் சூடு, பருப்பு வேணாம் வாயு. இப்படியே மூணு வாரம் போச்சு. வெயிட் மெஷின் தினமும் 54ன்னே காட்டுச்சு, அதனால ஆள் நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சுட்டோம். ஒரு நாள் குளிக்க வச்சு வாட்ச் மாட்டி விடும்போது பாக்குறேன், வாட்ச் மணிக்கட்டுல நிக்காம முழங்கை பக்கம் ஏறுது, கீழ பாத்தா கால் ரெண்டும் வீங்கி செருப்பு நுழையல.

ரிவ்யூல டாக்டர் கால அமுக்கிப் பாத்துட்டு, உள்ள சதை கரைஞ்சிருக்கு, கரைஞ்ச எடைக்கு நீர் சேந்திருக்கு, அதான் மெஷின் உங்கள ஏமாத்திருச்சுன்னாரு. அதுக்கப்புறம் எட்டு மாசமா செஞ்சு பாத்தது, டயட்டீசியன் கிட்ட திட்டு வாங்கி கத்துக்கிட்டது இதெல்லாம். ஒண்ணு சொல்லிடறேன், 45 வயசுல அட்டாக் வந்து 90 கிலோ இருக்கறவருக்கு இது ஆகாது, அவருக்கு வேற கணக்கு. இது 70 தாண்டி, எந்திரிச்சு நடந்தா தள்ளாடி, துணியெல்லாம் லூசாகி, நாலு வாய்க்கு மேல சாப்பிடாத நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு. கிட்னி பிரச்சனை இருந்தா (ரத்த ரிப்போர்ட்ல கிரியாட்டினின் பாருங்க) கீழ நான் சொல்ற புரதக் கணக்க டாக்டர் கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க.

எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிலருந்து வந்தவங்கள பாக்க வர்ற எல்லாரும் எத சாப்பிடக்கூடாதுன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க, எத சாப்பிடணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எந்த நோயும் இல்லாத பெரியவங்கள 10 நாள் சும்மா படுக்க வச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2007ல வந்துச்சு, அந்த 10 நாள்ல கால்லருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்துச்சாம். நல்லா இருக்கறவங்களுக்கே அப்படின்னா, ஐசியூல கெடந்து, வாய் கசந்து, பாதி இட்லியோட தட்ட தள்ளி விட்டவங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? ஸ்பெயின்ல 2016ல இன்னொண்ணு வந்துச்சு, ஹார்ட் ஃபெயிலியரோட (எங்கப்பாவுக்கு மாதிரி இதயம் பம்ப் பண்றது போதாம நீர் கோக்கறது) அட்மிட் ஆகி சத்துக்கொறைவா இருந்த 120 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு 6 மாசம் அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி சாப்பாடு பிளான் போட்டுக் குடுத்து கவனிச்சாங்க. ஒரு வருஷத்துல இறந்தவங்க இல்லாட்டி மறுபடி ஹார்ட் ஃபெயிலியர்னு அட்மிட் ஆனவங்க அந்த குரூப்ல 27 சதவீதம், வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 61 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனா நான் கஞ்சி டம்ளர கீழ வைக்க அது போதுமா இருந்துச்சு.

வெயிட் பாக்குறதுல ரெண்டு கணக்கு

காலைல எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு வந்து, காபி குடிக்கறதுக்கு முன்னாடி, அதே மாதிரி துணியோட நிக்க வச்சு பாருங்க, தினசரி காலண்டர் தாள்லயே குறிச்சு வைங்க. 3 நாள்ல 2 கிலோ ஏறுச்சுன்னா அது நீர், சாப்பாட்டால அவ்ளோ வேகமா யாருக்கும் சதை போடாது, அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணிடுங்க. இது அவசரக் கணக்கு.

ரெண்டாவது மெதுவான கணக்கு, அதுக்கு டெய்லர் டேப் போதும். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவுல மேல்கை சுத்தளவ மாசம் ஒரு வாட்டி அளந்து எழுதி வைங்க. 23.5 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா ஆள் உடம்புக்கு ரொம்ப மெலிஞ்சிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். கெண்டைக்கால்லயும் அளப்பாங்க, ஆனா கால் வீங்கறவங்களுக்கு அது பொய் சொல்லும், அதான் கைய சொல்றேன். டேப் இல்லாட்டி வளையல், மோதிரம், ஜாக்கெட் கை, பல்செட், இதுல எது லூசாகுதுன்னு பாருங்க. பல்செட் லூசாச்சுன்னா அதனாலயே மெல்ல முடியாம சாப்பாடு இன்னும் கொறையும், அப்பாவுக்கு அதுதான் நடந்துச்சு, ஒரு மாசமா "பிடிக்கல"ன்னு சொன்னதெல்லாம் ஈறு வலின்னு பல் டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது.

எவ்ளோ குடுக்கணும்

நோய்ல விழுந்து எந்திரிக்கிற பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2லருந்து 1.5 கிராம் புரதம், 30 கலோரி பக்கம்ங்கறதுதான் பொதுவா சொல்ற கணக்கு. எங்கப்பாவுக்கு வீக்கம் வத்தினப்புறம் எடை 50, அப்ப 60 கிராம் புரதம், 1500 கலோரி. (வீக்கத்தோட இருக்கற எடைய வச்சு கணக்கு போடாதீங்க.)

இப்ப கஞ்சிய எடுத்துக்கோங்க. ஒரு டம்ளர் தண்ணிக் கஞ்சில 20 கிராம் அரிசி இருந்தாலே பெரிசு, அதுல 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். மூணு டம்ளர் குடுத்தா 600 மில்லி தண்ணி உள்ள போயிருச்சு, ஒன்றரை லிட்டர் கோட்டால பாதிக்கு பக்கம் காலி, புரதம் அஞ்சு கிராம் கூட தாண்டல. மூணு வாரம் நான் பண்ணது இதத்தான். கஞ்சி மேல எனக்கு கோபம் இல்ல, காய்ச்சல் வந்த சின்னப் பிள்ளைக்கு ரெண்டு நாளைக்கு அது நல்லதுதான், ஆனா இந்த நெலமைல இருக்கறவங்களுக்கு அது வயித்த ரொப்பற தண்ணி.

வீட்ல இருக்கறதுலயே என்ன கெடைக்கும்னு பாத்தா, ஒரு முட்டைல 6 கிராம், 200 மில்லி பால்ல 6 கிராமுக்கு மேல, வேகறதுக்கு முன்னாடி 30 கிராம் பருப்புல 7, முள்ளெடுத்த மீன் 100 கிராம்ல 18லருந்து 20, கைப்பிடி பொட்டுக்கடலைல 5, 6, பனீர் 50 கிராம்ல 9. சைவக்காரங்களுக்கு மீல் மேக்கர் இருக்கு, காஞ்சது 20 கிராம்ல 10 கிராம் வரும், ஊற வச்சு பிழிஞ்சு மிக்சில ஒரு சுத்து சுத்தி கூட்டுல கலந்தீங்கன்னா பல் இல்லாதவங்களும் சாப்பிடுவாங்க.

எங்க வீட்ல ஒரு நாள் இப்ப இப்படிப் போகுது. ஆறரைக்கு அரை டம்ளர் காபி, பால் கெட்டியா. எட்டரைக்கு ரெண்டு இட்லி, பருப்பு தூக்கலா போட்ட சாம்பார தொட்டுக்க, கூட ஒரு முட்டை, வேகவச்சு குடுத்தா தொண்டைல அடைக்குதுன்னாரு அதனால பொடிமாஸ் மாதிரி மெதுவா கிளறி. பதினோரு மணிக்கு 150 மில்லி பால்ல ரெண்டு பெரிய ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு கரைச்சு ஏலக்காய் போட்டு. ஒன்றரைக்கு குழைஞ்ச சாதம் ஒரு கப், பாசிப்பருப்பு, மேல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், ரெண்டு துண்டு மீன். நாலு மணிக்கு கொஞ்சம் மசிச்ச சுண்டல், இல்லாட்டி சின்ன கடலை உருண்டை ஊற வச்சு (சுகர் இல்லாததால இது எங்களுக்கு சரி). ஏழு மணிக்கு ரெண்டு முட்டை தோசை இல்லாட்டி பனீர் துருவிப் போட்ட ஊத்தப்பம். ஒன்பதுக்கு அரை டம்ளர் பால். கூட்டிப் பாத்தா 60 கிராம் தாண்டிடும், எந்த வேளையும் பெரிய சாப்பாடு கெடையாது.

பெரிய சாப்பாடு ஏன் கூடாதுன்னா, வயிறு நெறைஞ்சா அது மேல முட்டி மூச்சு வாங்கும், செரிக்கறதுக்கும் இதயம் வேலை செய்யணும், பம்பிங் கம்மியா இருக்கறவங்களுக்கு மூணு வேளை ஃபுல் தட்டு ஒரு தண்டனை. ஆறு சின்ன வேளை. சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி குளிக்க வைக்கறது, வாக்கிங் கூட்டிட்டுப் போறது எதுவும் வேணாம், களைச்சுப் போய் உக்காந்தா சாப்பிட மாட்டாங்க.

சாப்பாட்டோட அளவ ஏத்த முடியலன்னா சத்த ஏத்துங்க. அதே ரெண்டு இட்லிக்கு தேங்காய் சட்னிக்கு பதிலா கடலை சட்னி, அதே சாதத்துக்கு ரசத்துக்கு பதிலா கெட்டிப் பருப்பு, தயிர துணில ஒரு மணி நேரம் கட்டித் தொங்க விட்டா தண்ணி வடிஞ்சு சின்னக் கிண்ணத்துல நெறைய தயிர் அடங்கும். எண்ணெய் விஷயத்துல நாங்க பயந்தது கொஞ்ச நஞ்சம் இல்ல, ஆனா சதை கரையற ஆளுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்ல வர்ற 45 கலோரி வேணும், டயட்டீசியனே நல்லெண்ணெய், கடலெண்ணெய் தாராளமா ஒரு நாளைக்கு நாலு டீஸ்பூன் ஊத்தச் சொன்னாங்க. வடை பஜ்ஜி போடச் சொல்லல, அத அப்பா தப்பா புரிஞ்சிக்கப் பாத்தாரு.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாரம் பத்து நாளா கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடாம இருந்தவங்களுக்கு திடீர்னு இவ்ளோத்தையும் குடுக்கக் கூடாது, ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சடார்னு எறங்கி இதயத்துக்கே ஆபத்தாகும். அவங்களுக்கு டாக்டர் பார்வைல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்.

உப்பு

ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 5 கிராம், அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி, இதுதான் உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே சொல்ற அளவு. உங்க டாக்டர் வேற அளவு சொன்னா அது. நாங்க பண்றது, காலைல ஒரு சின்ன குங்குமச் சிமிழ்ல முக்கால் டீஸ்பூன் உப்ப அளந்து வச்சிடுவோம், அப்பாவுக்கு செய்யற எல்லாத்துக்கும் அதுலருந்துதான், மாவுல ஏற்கனவே உப்பு இருக்கு அதான் முக்கால். குழம்ப உப்பில்லாம கொதிக்க வச்சு அவருக்கு தனியா எடுத்துட்டு தட்டுல மேலாப்ல ரெண்டு சிட்டிகை தூவினா நாக்குல மொதல்ல உப்புதான் படும், கொதிக்கும்போது போட்டா அதே ருசிக்கு இன்னும் ஜாஸ்தி வேணும். எலுமிச்சை, மிளகு, வறுத்து பொடிச்ச சீரகம், பூண்டு, மல்லித்தழை இதெல்லாம் தாராளமா போடலாம்.

ஆனா உப்பே இல்லாம குடுத்து, அதனால ஆள் சாப்பாட்டையே நிறுத்திட்டா அது நஷ்டம். 2022ல ஆறு நாட்டுல 806 ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்ட வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, உப்ப ரொம்ப கீழ எறக்கச் சொன்ன குரூப்புக்கும் சாதாரணமா அட்வைஸ் பண்ண குரூப்புக்கும் சாவுலயோ அட்மிஷன்லயோ சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. அதுக்காக ஊறுகாய் ஜாடிய தொறந்துடாதீங்க. ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் சூப், நூடுல்ஸ், இத நிறுத்துனாலே பாதி வேலை முடிஞ்சது. யாரும் நெனச்சுப் பாக்காதது, வயிறு உப்புசத்துக்கு கலக்கிக் குடிக்கிற ஈனோ, அதுலயும் சோடா உப்பு வழியா சோடியம்தான் போகுது.

அப்புறம் இந்துப்பு. எங்க அத்தை அரை கிலோ வாங்கிட்டு வந்து, இது ஹார்ட்டுக்கு நல்லது எவ்ளோ வேணா போடலாம்னாங்க. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், கலர் மட்டும் ரோஸ். அத விட ஆபத்து கடைல "லோ சோடியம்"னு விக்கிற உப்பு, அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும், ஹார்ட்டுக்கும் பிரஷருக்கும் குடுக்கற ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு ஏற்கனவே பொட்டாசியம் ஏறி நிக்கலாம், அதுக்கு மேல இதுவும் போனா இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இளநீரும் அதே கதைதான். நோயாளிய பாக்க வர்றவங்க கைல இளநீர் இல்லாம வர மாட்டாங்க நம்ம ஊர்ல. ஒரு காய்ல சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும், தண்ணிக் கணக்கும் ஏறும். ரத்தத்துல பொட்டாசியம் எவ்ளோன்னு பாத்து டாக்டர் சரின்னா குடுங்க, சில பேருக்கு நீர் மாத்திரையால பொட்டாசியம் எறங்கி இருக்கும், அவங்களுக்கு நல்லதா கூட இருக்கலாம். அடுத்தவங்க வீட்டு அனுபவம் இதுல உதவாது, ரிப்போர்ட் நம்பர்தான் பேசும்.

தண்ணி

ஒன்றரை லிட்டர்னு சொன்னா அதுல காபி, பால், மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேத்தி. ஒரு பாட்டில்ல காலைல ஒன்றரை லிட்டர் புடிச்சு வச்சிட்டு, அவர் காபி குடிச்சா அந்த அளவ பாட்டில்லருந்து கீழ ஊத்திடுங்க, மிச்சம் எவ்ளோன்னு அவருக்கே கண்ணுல தெரியும், கேட்டு கேட்டு சண்டை வராது. மாத்திரை ஒவ்வொண்ணுக்கும் அரை டம்ளர் குடிக்கிற பழக்கம் இருந்தா 8 மாத்திரைக்கு அதுவே முக்கா லிட்டர், நாலு மாத்திரைய ஒரே மடக்குல போட முடியலன்னா ஒரு ஸ்பூன் தயிர்ல வச்சுக் குடுக்கலாமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க. தாகம் எடுத்தா வாய் கொப்பளிக்கறது, சின்ன ஐஸ் துண்டு, எலுமிச்சை துண்ட நாக்குல தொடறது. வெயில் காலத்துல, பேதியானா, இந்த அளவ டாக்டர்ட்ட கேட்டு மாத்தணும், மே மாசம் மதுரைல ஒன்றரை லிட்டர்ல உக்காந்திருந்து தலை சுத்தி விழுந்தவங்க உண்டு.

பசியே இல்லைன்னு சொன்னா

இதுல தான் நாம அதிகமா ஏமாறுவோம். பசியின்மைய "வயசாச்சு" "மனசு சரியில்ல"ன்னு விட்ராதீங்க, ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. ரெண்டு வாய்ல வயிறு ரொம்பிருச்சுன்னு சொல்றாரு, வயிறும் உப்பிருக்கு, எடையும் ஏறுதுன்னா குடல்லயும் ஈரல்லயும் நீர் கோத்திருக்குன்னு அர்த்தம், அதுக்கு வேணும்ங்கறது நீர் மாத்திரை அளவு மாத்தறது, பசி சிரப் இல்ல. குமட்டல், கண்ணுல மஞ்சளா தெரியுது, துடிப்பு கம்மியாகுதுன்னா டிகாக்சின்ங்கற ஹார்ட் மாத்திரை உடம்புல ஜாஸ்தி ஆகியிருக்கலாம், அன்னைக்கே சொல்லணும். சுகருக்கு போடற மெட்பார்மினும் வயித்த கெடுக்கும். மூணு நாளா வயிறு போகலன்னா எவனுக்குத்தான் பசிக்கும், முக்கி முக்கி போறது இதயத்துக்கும் கெடுதல், ஆனா இசப்கோல் மாதிரி தண்ணி நெறைய கேக்கற பொடிய தண்ணிக் கட்டுப்பாடு இருக்கறவங்களுக்கு நீங்களா குடுக்காதீங்க, அடைச்சுக்கும்.

மெடிக்கல்ல கேட்டா எடுத்துக் குடுக்கற பசி சிரப்புல பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின் இருக்கும். அது பெரியவங்களுக்கு தூக்கம், குழப்பம், யூரின் அடைப்பு எல்லாம் கொண்டு வரும். எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா நாலு நாள் அத குடிச்சிட்டு ராத்திரி பூரா யாரோ கூப்பிடறாங்கன்னு வாசல்ல போய் நின்னாரு.

சாப்பிடும்போது இருமுறாங்க, தண்ணி குடிச்சா பொறை ஏறுதுன்னா உணவு மூச்சுக்குழாய்ல எறங்குதான்னு காட்டணும். சாப்பிடறப்ப கட்டில்ல சாய்ச்சு வைக்காம நாற்காலில நிமிந்து உக்கார வைங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க.

சுகர் இருக்கறவங்க வீட்டுக்கு தனியா. சாப்பாடு பாதியாயிருச்சு, ஆனா இன்சுலினோ கிளிமிபிரைடோ பழைய அளவுலயே போகுதுன்னா சுகர் எறங்கி வேர்த்துக் கொட்டி நெனவு தப்பும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரைய வாந்தி பேதியோட, சாப்பிடாம இருக்கற நாள்ல போடலாமான்னு டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கி வச்சிடுங்க.

கீரை, கஷாயம், பவுடர்

வால்வு மாத்துனவங்க, துடிப்பு ஒழுங்கில்லாதவங்க ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுவாங்க, அவங்களுக்கு கீரையே கூடாதுன்னு நிறுத்திடறோம். நிறுத்த வேணாம், வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு கரண்டின்னா எல்லா வாரமும் அதே அளவு குடுங்க. ஒரு மாசம் சுத்தமா இல்லாம திடீர்னு முருங்கைக்கீரை தினமும் போட்டா தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்குற டெஸ்ட் நம்பர்) குப்புற விழும்.

கஷாயப் பொடில அதிமதுரம் இருக்கான்னு பாருங்க, அது உடம்புல உப்பையும் நீரையும் புடிச்சு வச்சு பிரஷர ஏத்தும், பொட்டாசியத்த எறக்கும், ஹார்ட் பேஷண்டுக்கு ரெண்டுமே வேணாம். இருமலுக்கு இதமா இருக்குன்னு எங்கம்மா அத சுக்குக் காபில போட்டுட்டு இருந்தாங்க.

புரோட்டீன் பவுடர் தப்பில்ல, வாயால எவ்ளோ முயன்றும் அளவு எட்டலன்னா தேவைதான், ஆனா டப்பா பின்னாடி 100 கிராம்ல புரதம் எவ்ளோ, சக்கரை எவ்ளோ, சோடியம் எவ்ளோன்னு படிங்க, ஹெல்த் டிரிங்குனு விக்கிற மால்ட் பவுடர் நெறைய பாதிக்கு பாதி சக்கரையும் மாவும். அயர்னும் ஒரு வாட்டி பாக்கச் சொல்லுங்க, ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஹார்ட் ஃபெயிலியர்ல ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்ச அயர்னக் காட்டற அளவு) கம்மியா இருக்கறது நெறைய, அத பேரீச்சம்பழத்தால ஏத்த முடியாது, டாக்டர் ட்ரிப்ஸ்ல போடுவாங்க.

சாப்பிட்டதெல்லாம் சதையாகணும்னா கால் அசையணும். டாக்டர் சம்மதிச்சா, நாலு மணி சுண்டலுக்கு அரை மணி நேரத்துக்கும் முன்னாடியே நாற்காலிலருந்து கைய ஊனாம அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, பக்கத்துல ஆள் நிக்கணும். அப்பா மொத வாரம் ஒண்ணே ஒண்ணுதான் எந்திரிச்சாரு, அதுவும் என் தோள புடிச்சுக்கிட்டு.

அடுத்த ரிவ்யூக்கு போகும்போது வெயிட் எழுதின காலண்டர் தாள், கை சுத்தளவு, ரெண்டு நாள் என்னென்ன எவ்ளோ சாப்பிட்டாருங்கற லிஸ்ட், வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டை கஷாயப் பொடி டப்பா, இத ஒரு மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பாப்பாரு, "சாப்பாடு எப்படி இருக்கு"ன்னு கேட்டா நம்ம அப்பாக்கள் எல்லாரும் "நல்லா சாப்பிடறேன் சார்"னு தான் சொல்லுவாங்க.